அப்பாவின் அம்பாசிடரில் திருப்பூரிலிருந்து திருச்செந்தூர்: எங்கே நிறுத்துவது, எங்கே சாப்பிடுவது?

நொய்யல்கரை

வணக்கம். எங்கள் வீட்டில் 1984 மாடல் அம்பாசிடர் மார்க் 4 இருக்கிறது. பெட்ரோல் வண்டி, கை கியர். அப்பா வாங்கி, கடைசி வரை அவரே ஓட்டியது. அவர் போய் மூன்று வருடம் ஆகிறது. அதிலிருந்து ஞாயிறு காலையில் ஸ்டார்ட் செய்து, தாராபுரம் ரோட்டில் பத்து கிலோமீட்டர் போய்த் திரும்பி, உறை போட்டு மூடி வைப்பதோடு சரி.

இப்போது அம்மா ஒரு ஆசையைச் சொல்லியிருக்கிறார். 1986இல் எனக்கு மொட்டை அடிக்க இந்த வண்டியில்தான் திருச்செந்தூர் போனார்களாம். அதே வண்டியில், அப்பா நிறுத்திய இடங்களிலெல்லாம் நிறுத்தி, இன்னொரு தடவை போய்வர வேண்டுமாம்.

ஆர்.சி. 2029 வரை புதுப்பித்தாகிவிட்டது, இன்சூரன்ஸ் இருக்கிறது, டயரும் பிரேக்கும் புதிது. எனக்குப் பயம் சூடுதான். முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஒரே நாளில் இந்த இன்ஜின் தாங்குமா?

இன்னொரு சிக்கல், அம்மாவுக்கு ஊர்ப் பெயர்கள் மறந்துவிட்டன. சாப்பிட்டது மட்டும் அப்படியே நினைவிருக்கிறது. ஓரிடத்தில் பரோட்டாவை எண்ணெயில் முக்கிப் பொரித்துக் கொடுத்தார்களாம். அடுத்து ஓர் ஊரில் பூண்டு வாசம் தூக்கலாகக் காரச்சேவும், கூடையில் வெள்ளரிப்பிஞ்சும். அதற்கப்புறம் ஒரு பொட்டல் வெளியில் வண்டி கொதித்து நின்றுவிட்டது. பக்கத்து வீட்டில் ஓர் அம்மா ரேடியேட்டருக்கு ஒரு குடம் தண்ணீர் கொடுத்தார். கோயிலுக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது அப்பா வெற்றிலை வாங்கினார். இவை எந்தெந்த ஊர்கள்?

கரிசல்மண்

தம்பி, கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பொரித்த பரோட்டா விருதுநகர். சேவும் வெள்ளரியும் சாத்தூர். வேறு ஊராக இருக்க வழியே இல்லை.

பழைய ஏழாம் நம்பர் நெடுஞ்சாலை ஊருக்குள்ளேயே போகும். பஸ் சாத்தூரில் நின்றதும் வெள்ளரிக் கூடையோடு பெண்கள் ஜன்னலுக்குக் கீழே வந்துவிடுவார்கள். பிஞ்சை நான்காகக் கீறி, உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவி, கையில் கொடுக்கும்போதே ஈரம் சொட்டும். கரிசல் வெயிலுக்கு அதைவிட மருந்து கிடையாது. இப்போது அந்தச் சாலை 44 ஆகி, நான்கு வழியாகி, ஊர்களை வெளியே தள்ளிவிட்டுப் போகிறது. நீங்கள் மெனக்கெட்டுப் பாலத்துக்குக் கீழே இறங்கித்தான் ஊருக்குள் போக வேண்டும். இறங்குங்கள். இறங்காவிட்டால் அம்மா கேட்ட பயணம் இது இல்லை.

சீரகச்சம்பா

ஒட்டன்சத்திரம் வழியாக வருவீர்கள் என்றால் மதியத்துக்குத் திண்டுக்கல். சீரகச்சம்பா அரிசி, சின்னச் சின்னத் துண்டாக வெட்டிய கறி, மிளகுக் காரம். ஆம்பூர்க்காரர்கள் எண்ணெய்க் கத்தரிக்காயைக் காட்டி என்னோடு சண்டைக்கு வரலாம். அதுவும் சீரகச்சம்பாதான், அதுவும் நல்ல பிரியாணிதான், ஆனால் உங்கள் வழியில் ஆம்பூர் இல்லையே!

பழைய ஸ்பேனர்

நான் மதுரையில் முப்பத்தெட்டு வருடமாக ஸ்பேனர் பிடிக்கிறேன். சூட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

உங்கள் இன்ஜின் 1489 சிசி. பி.எம்.சி. என்ற பிரிட்டிஷ் கார் கம்பெனிக்காரன் போட்ட வடிவம். முரட்டு இன்ஜின். ஒழுங்காகத் தண்ணீர் ஓடினால் கன்னியாகுமரி வரை போய்த் திரும்பும். அது கொதிக்கிறது என்றால் பத்தில் எட்டு வண்டியில் குற்றம் இன்ஜின்மேல் இல்லை, உள்ளே ஊற்றிய தண்ணீர்மேல். போர்வெல் தண்ணீரை ஊற்றி ஊற்றி ரேடியேட்டர் குழாய்களுக்குள் உப்பு படிந்துவிடும். சூடு வெளியே போக வழி இல்லாமல் ஆகிவிடும். ரேடியேட்டரைக் கழற்றி, மேல் தொட்டியைப் பிரித்து, ராடு விட்டுச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். மேலோட்டமாகத் தண்ணீர் பீய்ச்சினால் போதாது. போன மாதம் ஒரு வண்டியில் எடுத்தேன், சுண்ணாம்புக் காறை மாதிரி உள்ளங்கை நிறைய வந்தது.

எங்கள் மாமா, அவரும் மெக்கானிக், ஒன்று சொல்வார். எந்தத் தண்ணீரில் பருப்பு வேகாதோ, அந்தத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றாதே. உப்புத் தண்ணீரில் துவரம்பருப்பு எத்தனை விறகு எரித்தாலும் முழித்துக்கொண்டுதான் நிற்கும். அதே உப்புதான் இங்கேயும் படிகிறது. புது ஊரில் தண்ணீர் வாங்கும்போது அந்த வீட்டில் பருப்பு வேகுமா என்று கேட்டுவிட்டுத்தான் ஊற்றுவார்.

அப்புறம் சூட்டுக்கு ஏற்பத் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டை எடுத்து எறியச் சொல்லும் ஆட்களிடம் வண்டியை விடாதீர்கள். ஃபேன் பெல்ட்டை விரலால் அழுத்தினால் அரை அங்குலம் அமுங்க வேண்டும், அதற்கு மேல் தொய்யக் கூடாது. டிஸ்ட்ரிபியூட்டரில் பாயின்ட் கேப் 15 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு) வைத்து, பொறி விழும் டைமிங்கைப் பாருங்கள். டைமிங் பின்தங்கினாலும் இன்ஜின் சூடாகும், பெட்ரோலும் குடிக்கும். இப்போது பங்கில் வருவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். நாற்பது வருடத்து ரப்பர் குழாய் அதில் ஊறி நூல் நூலாகப் பிரியும். டேங்க்கிலிருந்து கார்பரேட்டர் வரை குழாய் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகத்தில் மாற்றிவிட்டுக் கிளம்புங்கள். இன்ஜினுக்குப் பக்கத்தில் பெட்ரோல் கசிந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கொதித்துவிட்டால் இன்ஜினை அணைத்து, பானெட்டைத் திறந்து வைத்து, அரை மணி நேரம் உட்காருங்கள். சூட்டோடு மூடியைத் திறக்காதீர்கள். சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றி ஹெட்டைப் பிளந்துகொண்டு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மலைக்கோட்டை

பிரீமியர் பத்மினி கார் வைத்திருக்கிறவன் சொல்கிறேன், இந்த வம்பெல்லாம் எங்களுக்குக் குறைவு. 1089 சிசிதான், ஆனால் வண்டி லேசு, ஸ்டியரிங் விரலில் சுற்றும். அம்பாசிடரில் ஏழு பேர் ஏறலாம் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

ஸ்பேனர் அண்ணன் சொன்ன உப்புத் தண்ணீர்க் கதைக்கு இன்னொரு பக்கம் உண்டு. திருச்சியிலிருந்து திண்டுக்கல் போகும் வழியில் மணப்பாறை. அந்த ஊர்த் தண்ணீரில் இருக்கும் உப்புதான் முறுக்கின் ருசி என்று அங்கே தலைமுறையாகச் சொல்கிறார்கள். பச்சரிசி மாவு, எள், ஓமம், இரண்டு தடவை பொரிப்பு. 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ரேடியேட்டருக்கு ஆகாத தண்ணீர் முறுக்குக்கு ஆகிறது. நான் மணப்பாறையில் முறுக்கை வாங்குவேன், தண்ணீரைத் திருச்சியிலிருந்தே கேனில் கொண்டுபோவேன்.

முகில்காடு

கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். பருப்புக் கணக்கு எங்கள் மலைக்கு ஒத்துவராது. எங்கள் சுனைத் தண்ணீர் தேன் மாதிரி, உப்பே கிடையாது. ஆனாலும் குக்கர் இல்லாமல் பருப்பு வேக நேரமாகும், ஏனென்றால் உயரம். ஊட்டி 2,240 மீட்டர். அங்கே தண்ணீர் 93 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடும். ரேடியேட்டருக்கும் அதே கதிதான். கீழே சமாளிக்கிற வண்டி மேலே வந்ததும் கொதிக்கும். ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங்கும் வாஷரும் சரியாக இருந்து அழுத்தத்தைப் பிடித்து வைத்தால்தான் மலையில் பிழைக்கலாம். சமவெளிக்காரர்கள் இந்த மூடியைக் கவனிப்பதே இல்லை.

எங்கள் பழைய ஜீப் இன்னொரு விதத்தில் நிற்கும். மேட்டுப்பாளையத்தில் வெயிலோடு கிளம்பி, குன்னூர் ஏற்றத்தில் இரண்டாம் கியரிலேயே முக்கிக்கொண்டு வரும்போது பெட்ரோல் பம்ப் சூடாகி, உள்ளே பெட்ரோல் ஆவியாகிவிடும். ஆவியைப் பம்ப் இழுக்காது. பம்ப்மேல் ஈரத்துணி சுற்றி, பத்து நிமிடம் விட்டால் உயிர் வரும். அந்தப் பத்து நிமிடத்துக்காகவே அம்மா ஒரு பொட்டலம் வர்க்கி பிஸ்கட் வைத்திருப்பார். குளிரில் வர்க்கியைக் கடித்தபடி, துணியிலிருந்து ஆவி போவதைப் பார்த்துக்கொண்டு நிற்போம். இன்றைக்கும் வர்க்கி வாசம் வந்தால் எனக்குக் கூடவே பெட்ரோல் வாசமும் வரும்.

பனைநிழல்

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். அண்ணைமார் இந்த 1489 சிசி பற்றிக் கதைத்ததால்தான் உள்ளே வந்தேன். எங்கட ஐயா, அதாவது அப்பா, வைத்திருந்தது ஒஸ்ரின் (ஆஸ்டின்) ஏ55 கேம்பிரிட்ஜ் கார். அதுக்குள்ளேயும் அதே பி.எம்.சி. எஞ்சின்தான். அம்பாசிடருக்கு நாங்கள் ஒரு வகையில் சொந்தக்காரர்.

1990க்குப் பிறகு, போர்க் காலத்தில், இங்கே பெற்றோல் வரவில்லை, தடை. அப்ப எல்லா வாகனமும் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் பற்றாது. அதனால் ஐயா ஒரு சின்ன மருந்துப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருப்பார். அந்தக் காலத்தில் அது தங்கம். காபரேற்றருக்குள் நாலைந்து துளி விட்டு, கைபிடியால் சுற்றி எஞ்சினை எழுப்புவார். சூடேறின பிறகு மண்ணெண்ணெய் தானாகப் பற்றும். வெள்ளைப் புகை ஒழுங்கை முழுக்க நிற்கும். எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலோடு போய்க் கலந்துவிடும், அதனால் ஒயிலை அடிக்கடி மாற்ற வேணும், மாற்றுகிறதுக்கு ஒயிலும் இல்லை. அப்படியும் அந்த எஞ்சின் எங்களைக் கைவிடவில்லை. என்ர தங்கச்சி பிறந்தது அந்தக் காரில் ஆசுபத்திரிக்குப் போய்த்தான்.

தண்ணீர் கதைக்கு வந்தால், எங்கட குடாநாட்டில் வருசம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. நிலத்துக்குக் கீழே முழுக்கச் சுண்ணாம்புக்கல். கேத்தல் அடியில் வெள்ளையாகப் படிகிறதை ஒவ்வொரு வீட்டிலும் பார்க்கலாம். ஐயா மாரி காலத்தில் கூரைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து, காருக்கென்று மூடி வைப்பார். அம்மா அதில் ஒரு செம்பு கேட்டாலும் கொடுக்க மாட்டார், காய்ந்த பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சுகிற நாளைத் தவிர. கூழுக்கு மட்டும் விட்டுக்கொடுப்பார். நண்டும் இறாலும் மீன் தலையும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் போட்டு, பழப்புளி விட்டு, பிலாவிலையைக் கோலி அதில் வாங்கிக் குடிக்கிறது. கார் நிற்கிற மாமரத்தடியில்தான் எல்லாரும் சுற்றி இருப்போம்.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கோ. யோசிக்க வேண்டாம்.

நொய்யல்கரை

பனைநிழல், உங்கள் பதிவை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மருந்து பாட்டில் இடத்தில் நிறுத்தச் சொல்லி இன்னொரு தடவை கேட்டார்.

ஸ்பேனர் ஐயா, ரேடியேட்டரை இறக்கியாகிவிட்டது. நீங்கள் சொன்ன காறை வந்தது. பெட்ரோல் குழாய் எல்லாம் மாற்றுகிறேன்.

அடையாறு அலை

வாழ்த்துகள். என்னிடம் இருப்பது ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, வண்டலூர் பக்கம் செய்த மெட்ராஸ் கார். 948 சிசி. பானெட் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். டயர்மேல் உட்கார்ந்தபடியே பாயின்ட் வைக்கலாம். எனக்கு எதிரி சூடு இல்லை, உப்புக் காற்று. கடலுக்கு ஒரு கிலோமீட்டரில் வீடு. கதவின் அடிப்பக்கமும் சேஸிஸின் ஓரமும் வருடா வருடம் அப்பளமாகிறது. திருச்செந்தூரில் வண்டியைக் கடற்கரைப் பக்கம் ராத்திரி முழுக்க விடாதீர்கள். திரும்பியதும் நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தைக் கழுவிவிடுங்கள்.

புதுத்தடம்

இத்தனை பாடு எதற்கு? நல்ல விலை வரும், விற்றுவிட்டு அம்மாவை ஏசி காரில் கூட்டிப் போகலாமே. இல்லையென்றால் விண்டேஜ் பதிவாவது செய்துவிடுங்கள்.

பழைய ஸ்பேனர்

விண்டேஜ் பதிவு 2021இல் வந்த விதி. முதல் பதிவிலிருந்து ஐம்பது வருடம் தாண்டியிருக்க வேண்டும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடத்துக்கு. 1984 வண்டிக்கு 2034இல்தான் அந்தப் பேச்சு. அது ஆனபிறகு அன்றாடம் ஓட்டவும் முடியாது, கண்காட்சிக்கும் ராலிக்கும்தான். இந்தத் தம்பிக்கு இப்போது இருக்கும் ஆர்.சி.தான் சரி. விற்பதைப் பற்றி அந்த அம்மாவிடம் கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

கரிசல்மண்

தம்பி, அந்தத் தண்ணீர் விஷயம் எனக்கு இரண்டு நாளாக மனதில் சுற்றுகிறது. சாத்தூருக்கு அப்புறம், வெற்றிலைக்கு முன்னால் என்றால் கோவில்பட்டியில் பிரிந்து எட்டயபுரம், தூத்துக்குடி வழியாகப் போயிருக்கிறார்கள். வெற்றிலை வாங்கியது ஆத்தூராகத்தான் இருக்கும், முக்காணிக்குப் பக்கத்தில். தாமிரபரணிக் கொடிக்கால். அந்த வெற்றிலைக்கும் புவிசார் குறியீடு வந்துவிட்டது.

ஆக, பொட்டல் வெளி என்பது எட்டயபுரத்துக்கு முன்னே பின்னே. அங்கே எந்த வீடு என்று கண்டுபிடிக்க முடியாது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். 86இல் எங்கள் பக்கம் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாது. குடிக்கிற தண்ணீர் ஊருணியிலிருந்து, ஒரு மைல் இரண்டு மைல் நடந்து, தலையில் ஒன்று இடுப்பில் ஒன்றாக வர வேண்டும். என் ஆத்தாள் விடிகாலையில் போவாள். வீட்டில் இரண்டு குடம் இருந்தால் ஒன்று சமைக்க, ஒன்று குடிக்க. உங்கள் அம்மாவிடம் கேளுங்கள், அந்த அம்மா கொடுத்தது உப்புத் தண்ணீரா, நல்ல தண்ணீரா?

நொய்யல்கரை

கேட்டேன் அண்ணாச்சி. கிணற்றுத் தண்ணீரைக் காட்டி, "இது சப்புத் தண்ணி, வண்டிக்கு ஆகாது, இதைக் கொண்டுபோ" என்று சொல்லி, உள்ளேயிருந்த குடத்தை எடுத்துக் கொடுத்தாராம். அம்மா ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துப் பார்த்தாராம், நல்ல தண்ணீர். அதன் விலை அப்போது எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

நொய்யல்கரை

போய் வந்துவிட்டோம். எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று உட்காருகிறேன்.

அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்பினோம். ஐம்பதைத் தாண்டவில்லை. அம்மா முன் சீட்டில், மடியில் அப்பாவின் பழைய துண்டு. ஒட்டன்சத்திரம் வரும்போது காய்கறி லாரிகள் சந்தைக்கு வரிசையில் நின்றன. திண்டுக்கல்லில் காலை எட்டரைக்கே போய்விட்டதால் பிரியாணி கிடைக்கவில்லை, சீரகச்சம்பா மன்னிக்க வேண்டும், திரும்பும்போது சாப்பிட்டோம். மதுரையில் ஸ்பேனர் ஐயா கடையில் நிறுத்தினேன். பானெட்டைத் திறந்து, எதுவும் பேசாமல் ஐந்து நிமிடம் காதை வைத்துக் கேட்டார். ஃபேன் பெல்ட்டை ஒரு விரலால் அழுத்தினார். காசு வாங்கவில்லை.

விருதுநகரில் பொரித்த பரோட்டா. கையால் அடித்தால் நொறுங்குகிறது, சால்னாவை ஊற்றியதும் மேலே மொறுமொறுப்பும் உள்ளே ஈரமுமாக ஆகிவிடுகிறது. அம்மா ஒன்றை முழுதாகச் சாப்பிட்டார். சாத்தூரில் பாலத்துக்குக் கீழே இறங்கினோம் அண்ணாச்சி. சேவை வாயில் போட்டதும் அம்மா, "இதுதான்" என்றார். வெள்ளரி விற்றவருக்கு நாற்பது வயது இருக்கும். அவருடைய அம்மாவும் அங்கேதான் விற்றாராம்.

எட்டயபுரம் தாண்டி ஒரு வேப்பமரத்தடியில் அம்மா நிறுத்தச் சொன்னார். வண்டி கொதிக்கவில்லை. அப்பா செய்வது மாதிரி பானெட்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், மூன்று எண்ணும் வரை வைக்க முடிந்தது. கொஞ்சம் தள்ளி நான்கைந்து வீடுகள். அம்மா இறங்கி மெதுவாக அங்கே நடந்தார். வாசலில் புளி உரித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் தண்ணீர் கேட்டார். "காருக்கா, குடிக்கவா?" என்று அந்தப் பெண் கேட்டார். இரண்டுக்கும் என்றார் அம்மா. இப்போது அங்கே குழாய் வந்துவிட்டது, ஆனால் இரண்டு நாளுக்கு ஒரு முறைதான். ஒரு பிளாஸ்டிக் குடத்தில் பாதிக்கு மேல் கொடுத்தார். நாங்கள் திருப்பூரிலிருந்து கொண்டுபோன இரண்டு கேன் டிக்கியில் அப்படியே இருந்தது. அம்மா கண்ணால் என்னை அடக்கிவிட்டார்.

ஒரு டம்ளர் குடித்தார். இன்ஜின் ஆறியபின் மூடியைத் திறந்து, குறைந்திருந்த அளவுக்கு அவரே ஊற்றினார், ஒரு கைப்பிடிதான் பிடித்தது. மிச்சத்தைக் குடத்தோடு திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தார். கூடவே எங்கள் இரண்டு கேனையும் என்னைத் தூக்கிவரச் சொல்லி அந்த வாசலில் வைத்துவிட்டு, ஊரிலிருந்து அவர் கட்டி எடுத்துவந்த ஒப்புட்டுப் பொட்டலத்தை அந்தப் பெண்ணின் மடியில் வைத்தார். ஆத்தூரில் வெற்றிலை வாங்கும் வரைக்கும் எதுவும் பேசவில்லை. இருபது வெற்றிலை எண்ணி வாங்கி, அப்பா வைக்கும் இடத்திலேயே, கண்ணாடிக்குக் கீழே டாஷ்போர்டின் இடது மூலையில் வைத்தார்.

பழைய ஸ்பேனர்

வால்வ் சத்தம் லேசாக இருந்தது. அடுத்த மாதம் கொண்டு வாருங்கள், டேப்பட் வைத்து வால்வ் இடைவெளியைச் சரிசெய்து தருகிறேன்.